தம்பியின் சம்பளச் சீட்டு



நேற்று தென்னேரி வந்த என் தம்பி பழைய சம்பளச் சீட்டுகளைக் கொண்டுவந்தான். சென்னையில் ஒரு நாளிதழில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். அலுவலகம் முழுவதற்கும் சம்பளப் பட்டியல் போட்டவன்.

மஜீதியா சம்பளக் குழு நிருபர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே ‘பிற செய்தித்தாள் ஊழியர்கள்’ இருந்தார்கள். கணக்கரும் அதில் சேர்த்தியாகத்தான் இருந்தார். 11.11.2011-இல் மத்திய அரசின் அறிவிக்கை வந்தது. பழைய சம்பளமே இருக்கட்டும் என்பவர்கள் மூன்று வாரத்துக்குள் எழுதித் தரலாம் என்று 20(ஜே) என ஒரு பிரிவு. இவன் அலுவலகத்தில் எல்லோரிடமும் எழுதி வாங்கினார்கள்.

“என்னண்ணா செய்ய?” என்று போனில் கேட்டான். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்த நேரம். “வேலை முக்கியம்டா, போட்டுடு” என்றேன். நான் கணக்கு வாத்தியார் வேறு!

7.2.2014-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சம்பளத்தை உறுதி செய்து, பாக்கியை ஓராண்டுக்குள் நான்கு தவணையாகத் தரச் சொன்னது. 20(ஜே) கையெழுத்தைக் காட்டிக் குறைத்துத் தர முடியாது என்று 19.6.2017-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது. தம்பி அன்றே படித்திருக்கிறான். அண்ணன் மனசு கஷ்டப்படுமே என்று என்னிடம் சொல்லவில்லையாம்.

உங்களில் தொழிலாளர் வழக்கு பார்க்கும் வக்கீல் யாராவது இருந்தால் கூப்பிடுங்கள். சீட்டெல்லாம் என்னிடம்தான் இருக்கிறது.