18 படிகளும் ஒரு பியானோவும்

திருவெள்ளறை புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலுக்குள் நுழைந்ததும் ஏற வேண்டியவை 18 படிகள். கீதையின் 18 அத்தியாயங்கள் அவை என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் படிகளில் கால் வைத்தால் எனக்குக் கண்ணனோடு கூடவே ஒரு குண்டு மனிதரும் ஒரு ஒல்லி மனிதரும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். பாவம்தான். பெருமாள் பொறுத்துக்கொள்ளட்டும்.

லாரல்–ஹார்டி நடித்து 1932-ல் வெளிவந்த ‘தி மியூசிக் பாக்ஸ்’ அரை மணி நேரம்கூட ஓடாத படம். கதையை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். கணவனின் பிறந்தநாளுக்காக ஒரு அம்மாள் பியானோ வாங்குகிறாள். நம் ஆட்கள் அதைக் குதிரை வண்டியில் கொண்டுவருகிறார்கள். வீடு எங்கே என்று தபால்காரரைக் கேட்டால், மலைபோல் நிற்கும் படிவரிசையின் உச்சியைக் காட்டுகிறார். மொத்தம் 133 படிகள். பெட்டியோடு ஏறத் தொடங்குகிறார்கள். குழந்தை வண்டியோடு ஒரு ஆயா எதிரே வருகிறாள். பியானோ கீழே போகிறது. பிறகு போலீஸ்காரர், அதற்குப் பிறகு கோபக்காரப் பேராசிரியர் ஒருவர் என்று ஆள் மாறிக்கொண்டே இருக்கிறது. படாத பாடுபட்டு உச்சிக்கு வந்து சேர்ந்தால் அங்கே அதே தபால்காரர். “அந்தப் பக்கம் வண்டிப் பாதை இருக்கிறதே, அதில் வந்திருக்கலாமே!”

இதைக் கேட்டதும் இருவரும் பியானோவைத் திரும்பவும் 133 படிகள் கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி, அந்தப் பாதை வழியாகக் கொண்டுவருகிறார்கள். சிறு வயதில் இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது பார்த்தால் சிரிப்போடு கொஞ்சம் வெட்கமும் வருகிறது.

இந்தப் படிகள் லாஸ் ஏஞ்சலஸ் நகரின் சில்வர் லேக் பகுதியில் இன்றும் இருக்கின்றன. இதே படிகளில் இதே இருவரும் 1927-ல் ‘ஹாட்ஸ் ஆஃப்’ என்றொரு மௌனப் படம் எடுத்திருந்தார்கள். அதில் தூக்கிச் சுமந்தது துணி துவைக்கும் இயந்திரம். அந்தப் படத்தின் ஒரு பிரதிகூட இன்று கிடையாது. இடையில் சினிமா பேசத் தொடங்கிவிட்டது. தயாரிப்பாளர் ஹால் ரோச்சும் இயக்குநர் ஜேம்ஸ் பாரட்டும் பழைய கதையை மறுபடி எடுத்தபோது இயந்திரம் போய்ப் பியானோ வந்தது. கெட்டிக்கார மாற்றம். துவைக்கும் இயந்திரம் படியில் இடித்தால் ‘டம்’ என்பதோடு சரி. பியானோவோ ஒவ்வொரு படிக்கும் உள்ளேயிருந்து முனகும், சிணுங்கும், அலறும். படத்தின் மூன்றாவது நடிகரே அந்தப் பெட்டிதான். குறும்படங்களில் நகைச்சுவைக்கென்று முதன்முதலாக ஆஸ்கர் கொடுத்தபோது அதை வாங்கியதும் இந்தப் படம்தான்.

திரையில் அசடு வழியும் ஒல்லி லாரல்தான் நிஜத்தில் சிரிப்புக் காட்சிகளை யோசித்து, படத்தொகுப்புவரை உட்கார்ந்து பார்ப்பவர். அதட்டி வேலை வாங்கும் ஹார்டி, படப்பிடிப்பு முடிந்ததும் கோல்ஃப் ஆடக் கிளம்பிவிடுவார்.

எங்கள் வீட்டிலும் ஒரு பியானோ உண்டு. அம்மாவின் இரும்பு பீரோ. லாக்கர் சாவி தொலைந்து வருஷக்கணக்காகிறது. உள்ளே ஒரு பித்தளைச் சொம்பு இருந்தது மட்டும் எல்லோருக்கும் தெரியும். போன வருஷம் பீரோவை மாடிக்கு ஏற்றினோம். குட்டியானை வண்டி வாசலில் நிற்க, இரண்டு லோடுமேன்களும் அண்ணனும் நானும் கயிறு கட்டித் தூக்கினோம். ஒவ்வொரு படிக்கும் சொம்பு உள்ளே உருண்டு ‘டங்ங்’ என்றது. திருப்பத்தில் பீரோ சிக்கிக்கொண்டது. எதிர்வீட்டு அத்தை வந்து நிதானமாகப் பார்த்தார்.

“ஏன் தம்பி, பின்தெரு மேட்டுல வண்டிய நிறுத்தினா மொட்டைமாடிக்கு நேரா எறக்கிரலாமே?”

“பாதிக்கு மேல வந்தாச்சு அத்தை. இன்னும் ஒரு தம்தான்,” என்றார் அண்ணன்.

அந்த ஒரு தம்முக்கு ஒரு மணி நேரமும் பீரோவின் கண்ணாடியும் போயின. கடைசியில் கீழே இறக்கி, பின்தெருவுக்குத்தான் கொண்டுபோனோம். லாரலும் ஹார்டியும் எங்களைவிடத் தேவலை. சொன்னதும் கேட்டார்கள்.

நம் ஊரில் இந்த வம்சத்தில் வந்தவர் காண்டிராக்டர் நேசமணி. 2001-ல் ‘ஃப்ரெண்ட்ஸ்’ படத்தில் நேசமணியாக நடித்த வடிவேலுவின் தலையில் விழுந்த சுத்தியலுக்காக 2019-ல் ஊர் உலகமே இணையத்தில் பிரார்த்தனை செய்தது. நேசமணி சோம்பேறியாக இருந்திருந்தால் யாரும் பிரார்த்தித்திருக்க மாட்டார்கள். மாடாய் உழைத்து வேலையைக் கெடுத்துக்கொள்கிறவனைப் பார்த்துத்தான் நாம் பாசத்தோடு சிரிக்கிறோம். அவன் நம் வீட்டு ஆள். பாதி நாள் நாமேதான் அவன்.

திருவெள்ளறையில் பெருமாள் சந்நிதிக்கு வாசல் இரண்டு. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், ஆடி முதல் மார்கழி வரை தட்சிணாயன வாசல். ஒன்று திறந்திருந்தால் மற்றது சாத்தியிருக்கும். வருகிறவர்கள் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கீழே பூ விற்கிற அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படியேறுங்கள்.