பட்டையின் உள்பக்கம்

எங்கள் நாய் செவலைக்கு ஒரு கழுத்துப்பட்டை செய்து தரும்படி கோத்தகிரி கடைத்தெருவில் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் சொல்லியிருந்தேன். தடித்த தோல், நாலு விரல் அகலம், வெளியே துருத்திக்கொண்டு வரிசையாக ஆணிகள். நான் கேட்டது அவ்வளவுதான். வாங்கப் போனபோது அவர் பட்டையைத் திருப்பி உள்பக்கத்தைக் காட்டினார். ஆணித் தலைகளின் மேல் மெல்லிய ஆட்டுத்தோலை வைத்து, விளிம்பு முழுக்க நெருக்கித் தைத்திருந்தார். விரலால் தடவினால் ஆணி இருக்கிற சுவடே தெரியவில்லை. "தலை உறுத்துமுங்க. ராத்திரி பூரா கழுத்துல கிடக்கணுமில்ல" என்றார்.

அந்த உள்தோலை நான் மறுபடி சந்தித்தது ஒரு ரோமானியப் புத்தகத்தில். மார்க்கஸ் வர்ரோ என்பவர் கி.மு. 37 வாக்கில், எண்பது வயதில் எழுத உட்கார்ந்த வேளாண்மை நூல் அது. அவருடைய மனைவி ஃபுண்டானியா ஒரு பண்ணை வாங்கியிருந்தார். அதை எப்படி நடத்துவது என்று மனைவிக்குச் சொல்லத்தான் எழுத ஆரம்பிக்கிறார். இரண்டாம் பகுதி கால்நடைகளைப் பற்றியது. செம்மறி, வெள்ளாடு, பன்றி, மாடு, கழுதை, குதிரை என்று வரிசையாகப் பேசிவிட்டு நாய்க்கு வருகிறார். வாற்கோதுமை ரொட்டியைக் கொடுங்கள், ஆனால் பாலில் ஊறவைக்காமல் கொடுக்காதீர்கள் என்கிறார். பிறகு, காட்டு விலங்குகள் நாயைக் காயப்படுத்தாமலிருக்க உறுதியான தோலில் தலையுள்ள ஆணிகள் அடித்த பட்டையைக் கழுத்தில் கட்டவேண்டும் என்று சொல்லி, இரும்பின் கடினம் கழுத்தை வருத்தாதபடி ஆணித் தலைகளுக்குக் கீழே மெல்லிய தோல் வைத்துத் தைக்கவேண்டும் என்று சேர்க்கிறார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மேற்கொண்டு படிக்க முடியாத அளவுக்கு மனது நிறைந்துவிட்டது. அந்த ரோமானியரை எங்கள் கடைத்தெருப் பெரியவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். ஓநாயைத் தடுப்பதற்கு ஆணி போதும். உள்தோலைப் பற்றி யோசிப்பதற்கு, அந்தப் பட்டையைப் போட்டுக்கொண்டு படுக்கிற உயிரின் பக்கத்தில் போய் நிற்கவேண்டும்.

எங்கள் ஊரில் ஓநாய் கிடையாது, சிறுத்தைதான். அது முதலில் கழுத்தைத் தேடும். அதனால்தான் கார்வால், குமாவோன் மலைகளில் இடையர்களின் நாய்கள் முள் வைத்த இரும்புப் பட்டையோடு திரிகின்றன. இங்கே இடுப்பளவு தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தை பகல் முழுக்கப் படுத்திருந்தாலும் பக்கத்தில் இலை பறிப்பவர்களுக்குத் தெரியாது. கோழிக்கடைக் கழிவை ரோட்டோரம் கொட்டுகிறோம். அதற்கு நாய் வருகிறது, நாய்க்குச் சிறுத்தை வருகிறது.

மகாராஷ்டிராவில், அன்றைய அகமதுநகர் மாவட்டத்து அகோலேயில், சிறுத்தை என்ன தின்கிறது என்று வித்யா ஆத்ரேயாவும் அவரோடு இருந்தவர்களும் அதன் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அது கரும்புக்காடும் வீடுகளுமான ஊர்ப்புறம். எடைக் கணக்கில் இரையில் 87 சதவீதம் வீட்டு விலங்குகள். நாய் மட்டும் 39 சதவீதம். என்னை உலுக்கியது அடுத்த விவரம். அங்கே நாயைவிட வெள்ளாடு ஏழு மடங்கு அதிகம், ஆனாலும் இரையில் வெள்ளாட்டின் பங்கு 11 சதவீதம்தான். இருட்டினால் ஆட்டை உள்ளே அடைத்துவிடுகிறார்கள், நாய் வெளியே கிடக்கிறது. ஆட்டை விற்றால் பணம். நாய்க்கு விலை இல்லாததால் கதவும் இல்லை.

எங்கள் தெருவில் இன்னும் மோசம். சங்கிலியில் கட்டிப் போட்டுவிட்டு விளக்கை அணைத்துவிடுகிறார்கள். அவிழ்த்துவிட்ட நாயாவது வாசல் இடுக்கில் ஒண்டும், கூரையடியில் புகும். கட்டின நாய்க்கு ஆறடி வட்டம்தான் உலகம். பக்கத்து வீட்டுத் தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது, "வெளியே கெடந்தாத்தானேண்ணா குரைக்கும்? உள்ளே விட்டா அதுவும் தூங்கிடும்" என்றாள். தூங்காது. செவலை திண்ணையை அடைத்துப் போட்ட கம்பிவலைக்குள்தான் படுக்கிறது. செடிக்குள் எது அசைந்தாலும் அங்கிருந்தே தெருவை எழுப்பிவிடுகிறது. நாயின் மூக்குக்கும் காதுக்கும் கதவு ஒரு தடையே இல்லை. நம் தூக்கத்துக்காக அது விழித்திருக்கிறது; அதற்கு நாம் தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி நாலு பக்கமும் அடைப்பு.

நாய்க்குப் பட்ட கடனை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள் இதே தென்னாட்டில் இருந்திருக்கிறார்கள். தக்கோலப் போர் என்றதும் நமக்கு யானைமேல் துஞ்சிய சோழ இளவரசன் இராசாதித்தன் நினைவுக்கு வருவான். அந்தப் போரில் எதிர்ப்பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகனிடம் மணலேரன் என்ற வீரன் இருந்தான். அவனுடைய வீரத்தை மெச்சி மன்னன் வேண்டியதைக் கேள் என்றபோது, மணலேரன் கேட்டது காளி என்ற வேட்டைநாயை. பிறகு அந்தக் காளி ஒரு பெரிய காட்டுப்பன்றியோடு மோதி, நாயும் பன்றியும் ஒன்றாகச் செத்தன. அதற்காக மண்டியா மாவட்டத்து ஆதகூரில், கோயிலுக்கு முன்னால் கல் நட்டு, நிலமும் விட்டார்கள். காலம் கி.பி. 949-50. நாயும் பன்றியும் கட்டிப் புரளும் உருவத்தை அந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள். அந்தக் கோயிலில் பூசை செய்கிறவர் இந்தக் கல்லுக்குப் பூசை செய்யாமல் சாப்பிட்டால் நாயின் பாவம் அவரைச் சேரும் என்றும் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஒரு பேரரசின் இளவரசன் வீழ்ந்த போரைச் சொல்லும் அதே கல்லில் ஒரு நாயின் பெயரையும் எழுதவேண்டும் என்று தோன்றியிருக்கிறதே, அந்த மனசை நினைத்து நினைத்துப் பார்க்கிறேன்.

சிறுத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு தடவை நாய் காணாமல் போகும்போதும், கூண்டு வைத்துப் பிடித்துக் கொண்டுபோய் எங்காவது விடுங்கள் என்று ஊர் கூடிக் கேட்கிறது. புனே மாவட்டத்து ஜுன்னார் பகுதியில் 2001 முதல் இதைத்தான் செய்தார்கள். பிடித்த சிறுத்தைகளைக் காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அதுவரை ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர்கள் மீதான தாக்குதல் 17 ஆனது. பழகிய இடத்தை விட்டுப் பிடுங்கப்பட்ட விலங்கு முன்பின் தெரியாத இடத்தில் என்ன செய்யும்? கூண்டுக்குச் செலவழிக்கிற நேரத்தில் கோழிக்கழிவைக் குழி தோண்டிப் புதைக்கலாம், தெரு விளக்கை எரியவைக்கலாம்.

வர்ரோவின் புத்தகத்தைத் திறந்து விட்ட இடத்திலிருந்து படித்தபோது, அடுத்த வாக்கியத்தில் இன்னொன்று சொல்லியிருந்தார். அந்த ஆணியில் ஒரு தடவை காயப்பட்ட ஓநாய், பட்டை போடாத மற்ற நாய்களையும் நெருங்காது. அவையும் பத்திரமாகிவிடும் என்கிறார். சிறுத்தைக்கும் அந்தப் புத்தி வருமா என்று காட்டிலாகாவில் வேலை பார்க்கும் தம்பியிடம் கேட்டேன். "சொல்ல முடியாதுங்க, ஒவ்வொண்ணும் ஒரு மாதிரி" என்றார். பஸ் நிறுத்தத்தில் படுக்கிற கருப்பு, ரேஷன் கடைத் திண்ணையில் குட்டி போட்டிருக்கிற வெள்ளைச்சி, இவற்றுக்குப் பட்டையும் கிடையாது, வீடும் கிடையாது. அவற்றுக்காகவாவது வர்ரோ கிழவர் சொன்னது மெய்யாக இருக்கவேண்டும்.