சித்திரக்கதைத் தொகைநூலும் எழுத்திடும் வேலையும்

சித்திரக்கதைத் தொகைநூல் என்பது பலர் வரைந்த சிறு கதைகளை ஒரே அட்டைக்குள் கொண்டுவரும் இதழ் அல்லது நூல். பெரும் பதிப்பகத்தின் முதலீட்டை எதிர்பாராமல், வரைபவர்களே கைக்காசு போட்டோ வாசகரிடம் முன்பணம் பெற்றோ வெளியிடும்போது அது சிறுபதிப்பு ஆகிறது. இவ்வகை நூல்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வரைபவரின் துணிச்சலையும் கதையின் புதுமையையும் சுற்றியே நின்றுவிடுகிறது. ஆனால் நூலின் தரம் பெரிதும் தீர்மானமாவது, கதைகளை எந்த வரிசையில் வைப்பது என்பதிலும், பலூன் என்று தொழிலில் வழங்கும் பேச்சுக்குமிழுக்குள் தமிழை எப்படி அடக்குவது என்பதிலும்தான் என்பதை உள்ளிருந்து வேலை செய்பவர்கள் அறிவார்கள்.

இந்தியாவில் தொகைநூல் முயற்சிகள் சில ஏறத்தாழ ஒரே காலத்தில் தோன்றின. 2010இல் பரத் மூர்த்தி தொடங்கிய ‘காமிக்ஸ் இந்தியா’, கேட்பவருக்கு மட்டும் அச்சடித்து அனுப்பும் முறையில் வந்தது. சித்திரக்கதைக் கலைஞர்கள் சேர்ந்த பாவோ குழுவின் தொகைநூலை 2012இல் பெங்குவின் வெளியிட்டது. அதே ஆண்டில் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ‘தி ஒப்ளிட்டரரி ஜர்னல்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தது. ஜப்பானின் ‘காரோ’ (1964), நியூயார்க்கின் ‘ரா’ (1980) ஆகியவை காட்டிய வழியே இவற்றின் வழியும் என்றாலும், இவற்றின் முதன்மை மொழி ஆங்கிலமாகவே இருந்தது.

தமிழில் இக்கலையின் பட்டறை சிவகாசியில் இருந்தது. சௌந்திரபாண்டியன் 1972இல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய முத்து காமிக்ஸும், 1984இல் எஸ். விஜயனை ஆசிரியராகக் கொண்டு பிறந்த லயன் காமிக்ஸும் வெளியிட்ட கதைகளில் பெரும்பகுதி பிரிட்டன், பிரான்ஸ், பெல்ஜியம், இத்தாலி ஆகிய நாடுகளில் வரையப்பட்டவை. எனவே இவற்றைச் சுயப்படைப்புத் தொகைநூல்களோடு ஒரே வரிசையில் வைக்க இயலாது. ஆயினும் பல கதைகளை ஒன்றாகக் கட்டி, வாசகர்கள் செல்லமாகக் ‘குண்டு புத்தகம்’ என்றழைக்கும் கோடை மலர், தீபாவளி மலர் போன்ற சிறப்பிதழ்களைத் தொகுத்த அனுபவமும், ஆண்டுச் சந்தாவையும் முன்பதிவையும் நம்பி அச்சுக்குப் போகும் பழக்கமும், எந்தக் கதை வேண்டும் என்று ஆசிரியரோடு மல்லுக்கட்டும் வாசகர் கூட்டமும் இங்கேதான் உருவாயின. 2012 ஜனவரியில் வந்த லயன் ‘கம்பேக் ஸ்பெஷல்’ முதல் வண்ணமும் வழவழப்பான தாளும் வழக்கமான பிறகும் அந்த வாசகர் கூட்டம் கலையவில்லை. சிறுபதிப்புக்கு இன்றியமையாத சமூகம் தமிழில் வரைபவர்களால் அன்றி வாசகர்களால் அமைந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பலூனுக்குள் வசனத்தை எழுதி அமைக்கும் எழுத்திடுதல் இக்கலையில் மிகக் குறைவாகப் பேசப்படும் பகுதி. ஆங்கிலச் சித்திரக்கதைகளில் பெரிய எழுத்துகளை மட்டுமே பயன்படுத்தும் வழக்கம் இருப்பதால், வரிகள் ஒரே உயரத்தில் ஓட, அவற்றை நெருக்கி அடுக்க முடிகிறது. தமிழிலோ ‘கி’, ‘கீ’ ஆகியவற்றின் கொக்கிகள் மேலேயும் ‘கு’, ‘மூ’ ஆகியவற்றின் வால்கள் கீழேயும் நீள்வதால், வரியிடைவெளியைக் குறைத்தால் ஒன்றன்மீது ஒன்று மோதும். கூட்டினால் பலூன் பருத்துப் படத்தை விழுங்கும். மேலும் வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டி நீண்ட ஒரு சொல், குறுகிய பலூனில் முழுதாக அமராதபோது, அதை எங்கே வெட்டுவது என்ற சிக்கல் எழுகிறது. கணினி வெட்டும் இடத்தில் விட்டுவிட்டால் வாசகரின் கண் தடுக்கி விழும். அதனால் தேர்ந்த எழுத்தாளர் முதலில் பலூனின் அகலத்தைப் பார்த்து, பிறகே வசனத்தை எழுதுகிறார். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற வேறுபாடு தமிழில் இல்லாமையால் அலறலையும் முணுமுணுப்பையும் எழுத்தின் அளவாலும் தடிமனாலும் காட்ட வேண்டியிருக்கிறது. மொழிபெயர்ப்பில் பலூன் முன்கூட்டியே முடிவான ஒன்று. சொந்தமாக வரைபவருக்கு அந்தத் தளை இல்லை. இருந்தும் படத்தை முழுதும் முடித்துவிட்டு மிஞ்சிய மூலையில் வசனத்தைத் திணிப்பவர்களே மிகுதி என்பது வருத்தத்துக்குரியது.

வரிசைப்படுத்துவதும் அச்சுக்கணக்கோடு பிணைந்தது. நடுவில் பின்னடித்த நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்காக அமைய வேண்டும். பாரம் என்னும் அச்சு அலகு பெரும்பாலும் 16 பக்கம் கொண்டது. கதையின் திடுக்கிடும் கட்டம் தாளைப் புரட்டியதும் தெரியும் இடப்பக்கத்தில், அதாவது இரட்டைப்படை எண்ணில், விழுந்தால்தான் வேலை செய்யும். முன்னால் ஐந்து பக்கக் கதை ஒன்று வந்தால் பின்னால் வரும் கதைகளின் திடுக்கிடல்கள் எல்லாம் ஒரு பக்கம் தள்ளிப்போகும். தொகுப்பாளர்கள் ஒருபக்க நகைச்சுவைத் துணுக்குகளைக் கைவசம் வைத்திருப்பதன் காரணம் இதுவே.

காஞ்சிபுரத்தை அடுத்த செவிலிமேட்டிலிருந்து இக்கலைக்கு வர நினைப்பவருக்கு, கட்டங்களின் வரிசை பற்றிய பாடம் காஞ்சி நகருக்குள்ளேயே கிடைக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் நந்திவர்ம பல்லவமல்லன் எடுப்பித்த வைகுண்டப் பெருமாள் கோயிலின் சுற்று மண்டபச் சுவரில், பல்லவர் வரலாறு இரண்டு அடுக்குகளில் கட்டம் கட்டமாகச் செதுக்கப்பட்டுள்ளது. அவற்றுள் சிலவற்றுக்கு விளக்கமாகத் தமிழ்க் கல்வெட்டும் உண்டு. அரசனில்லாத நாட்டுக்கு ஆள் தேடி வந்தவர்களிடம் இரணியவர்மனின் மற்றப் பிள்ளைகள் மறுக்க, 12 வயதுப் பல்லவமல்லன் இசைந்த செய்தியை அது சொல்கிறது. சி. மீனாட்சி இச்சிற்பங்களைப் பற்றி எழுதிய ஆய்வு 1941இல் வெளிவந்தது. இங்கே பக்கத்தைப் புரட்டுவது கையல்ல, நடக்கும் கால். கல்வெட்டு இல்லாத கட்டங்களில் முழுப் பொருளையும் உருவங்களின் நிலையே தாங்க வேண்டியிருக்கிறது.

புதிதாகத் தொகைநூல் தொடங்குவோர் கறுப்பு வெள்ளையில் 32 பக்கத்தோடு நிறுத்திக்கொள்வதும், படம் வரையத் தொடங்கும் முன்பே பலூன்களுக்கு இடம் குறித்துவைப்பதும் நல்லது. உள்ளட்டையில் கதாசிரியர், ஓவியர் பெயர்களுக்குப் பக்கத்திலேயே எழுத்திட்டவரின் பெயரும் அதே அளவில் அச்சாக வேண்டும்.