கதவில் விழுந்த கீறல்

ஒரு பொருள் கைக்கு வரும்வரை மனிதன் அதற்கு ஆசைப்படுகிறான். வந்த பின்போ அதற்குக் காவற்காரனாகி விடுகிறான். இவ்வுண்மையை நான் உணர்ந்தது நாற்பத்து நான்காம் வயதில், ஒரு பழைய மோட்டார்க் காருக்குச் சொந்தக்காரனான பின்னரேயாம்.

நமது நாட்டில் 2020 மார்ச்சில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியிலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்திற் பழைய கார்களின் விலை மலைபோல் ஏறிற்று. அக்காலத்தில், ஆசிரிய வேதனத்திற் பல்லாண்டு மிச்சம் பிடித்த பணத்தோடு மனைவியின் காப்பிரண்டையும் சேர்த்து வாங்கிய வண்டி என்னுடையது. வாங்கிய மூன்றாம் வாரம், யாழ்ப்பாணக் கடைத்தெருவில் அதனை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். இடப்பக்கக் கதவில் ஒரு சாண் நீளக் கீறல். அருகே ஒரு நெளிவு. என் நெஞ்சிலே கீறியது போலிருந்தது. பக்கத்து வண்டிக்காரர் யாரோ கதவைப் படாரெனத் திறந்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லாமற் போயும் விட்டார்.

அன்று தொடங்கியது என் ஆராய்ச்சி. எங்கள் ஊர்க் கராஜ் முதியவரே எனக்குக் குரு. “நகத்தை வைச்சு இழுத்துப் பாருங்கோ மாஸ்ரர். நகம் தடக்காட்டில் மினுக்கி எடுக்கலாம்; தடக்கினால் பெயின்ற்தான் அடிக்கவேணும்” என்றார் அவர். காரின் வர்ணப்பூச்சு முழுவதும் சேர்ந்தாலும் ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்களவேதான் தடிப்பு. மேலே நிறமற்ற மினுக்குப்பூச்சு, அதன்கீழ் நிறம், அதன்கீழ் உலோகத்தைக் காக்கும் அடிப்பூச்சு. இவற்றையெல்லாம் ஊடுருவி உலோகம் தெரியுமாயின், நமது உப்புக் காற்றுக்குத் துருப்பிடிப்பிக்க அதிக காலம் வேண்டாம். பூச்சு உடையாத நெளிவையோ, கதவின் உட்புறமிருந்து கம்பியால் மெல்ல மெல்ல நெம்பி நிமிர்த்திவிடலாம்.

வருமுன் காக்கும் வழிகளையும் கற்றேன். கதவின் விளிம்புக்கு மெல்லிய றப்பர் பொருத்தினேன். அதனுள் ஈரமும் உப்பும் தங்காதபடி கழுவவும் பழகினேன். வீட்டுக் கொட்டகைச் சுவரிற் கதவு படுமிடத்தில் பழைய ரயர்த் துண்டுகளை அறைந்தேன். சந்தையில் வண்டி நிறுத்துவதானால் வரிசையின் கடைசி இடம். சோளகம் வீசுங்காலத்தில் வண்டியின் முகம் காற்றை நோக்கியிருத்தல் வேண்டும். பின்னாலிருந்து வரும் காற்று கதவைக் கையிலிருந்து பறித்து அடுத்த வண்டியின்மேல் அறைந்துவிடும். இவற்றை வீட்டிலும் பேசினேன், வகுப்பிலும் பேசினேன். “சேரின் கீறற் புராணம்” என்று மாணவர்கள் அதற்குப் பெயருமிட்டார்கள்.

ஒருநாள் மாலை, வீதியோரத்தில் வண்டியை நிறுத்தினேன். இடப்பக்கத்தில் ஒரு மதில். அதிலே கதவு முட்டாதபடி மனைவி இறங்குகின்றாளா என்பதிலேயே என் கண் முழுவதும் இருந்தது. அதே கணத்தில் எனது கை வலப்பக்கக் கதவைத் திறந்தது. பின்னால் வந்த சைக்கிள் அதில் மோத, ஒரு பையன் தெருவில் விழுந்தான். நல்ல வேளை, அவன் பின்னே பஸ்ஸோ லொறியோ வரவில்லை.

ஓடிச்சென்று தூக்கினேன். என் வகுப்பு மாணவன். முழங்கை உரசி இரத்தம் கசிந்தது. சைக்கிளின் முன்சில்லு வளைந்திருந்தது. அவன் தன் கையைப் பார்க்கவில்லை. காரின் கதவைப் பார்த்து, நடுங்கும் குரலில், “சேர், காருக்குக் கீறல் விழுந்திட்டுதோ?” என்றான்.

இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். அக்கேள்வியைப்போல் என்னை நாணச் செய்தது வேறில்லை. தன் உடம்பைவிட என் தகரம் பெரிதென்று எண்ண அவனுக்குக் கற்பித்தவன் யார்? நானேயன்றோ!

காயத்துக்கு மருந்து கட்டுவித்து, சைக்கிளையும் திருத்திக் கொடுத்து, அவனது தாயிடம் மன்னிப்புக் கேட்டேன். “சின்னக் காயந்தானே மாஸ்ரர்” என்று அந்த அம்மா தேநீர் தந்தார். அது தொண்டையில் இறங்க மறுத்தது.

பிற்பாடு ஒரு வழக்கத்தை அறிந்தேன். நெதர்லாந்து நாட்டவர்க்குரியதாகச் சொல்லப்படுவது; பிரித்தானியாவின் வீதிச் சட்டக் கையேட்டிலும் 2022இல் இடம்பெற்றது. கதவுக்கு அண்மையிலுள்ள கையால் திறவாது, மறு கையால் திறப்பதே அது. வலப்பக்கமிருந்து ஓட்டும் நாம் இடக்கையை நீட்டினால் உடல் தானே திரும்பும். கண் பின்வீதியைக் காணும். கதவும் வீச்சாகத் திறவாது. செலவு ஒரு சதமுமில்லை. ஆளும் பிழைப்பான், அடுத்தவர் வண்டியும் தப்பும், நமது கதவும் தப்பும்.

இடப்பக்கக் கீறலை மினுக்கியெடுத்து விட்டேன். வலப்பக்கக் கதவில் சைக்கிள் பட்ட சிறு வடுவொன்றுண்டு. அதை மட்டும் திருத்த வேண்டாமென்று கராஜ் முதியவரிடம் சொல்லியிருக்கிறேன். கதவைத் திறக்குமுன் நாள்தோறும் அது என் கண்ணிற் படட்டும்.