கவிழ்த்த துவிச்சக்கரவண்டியும் காரீய ஏடும்

யாம் உருத்திரபுரத்தில் மாணாக்கராயிருந்த 1990களில் வன்னியில் மின்சாரம் இல்லை. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறக்கும் மின்னால் வானொலி கேட்போம். கேட்பவர் பெரியோர், சுழற்றுபவர் யாம். கை ஓய்ந்தால் குரலும் ஓயும். ஓரிரவு, குண்டு வீழ்ந்த ஊரின் பெயர் வருமிடத்தில் எம் கை தளர்ந்தது. ஐயா ஏசவில்லை, தாமே வந்து சுழற்றினார். மீண்டும் குரல் எழுந்தபோது வேறு செய்தி. அக்கா வாழ்க்கைப்பட்ட ஊரோ என்றெண்ணி அம்மா விடியும்வரை உறங்கவில்லை.

சிறிதளவு மின்னைத் தேக்கி வைக்கவும் அன்று வழியிருக்கவில்லை. இன்று மீக்கொள்ளளவி அதனைச் செய்கின்றது. (விஞ்ஞான வகுப்பில் யாம் உறங்கியதை உடன்பயின்றோர் அறிவர், பின்னரே கற்றோம்.) அதன் மின்வாய்க்கென ஆராயப்படும் பொருள்களுள் ஒன்று கிராபீன். 2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்போர் காரீயத்திலிருந்து ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த, ஓரணுத் தடிப்புள்ள காபன் ஏடு அது. எம் நாட்டுப் போகல, கஹட்டகஹச் சுரங்கங்களின் காரீயமும் இவ்வேடுகளின் அடுக்கே. ஒரு கிராம் கிராபீனின் இருபுறப் பரப்பு, கணக்கின்படி, 2630 சதுர மீற்றர். அரை ஏக்கர் வயலிலும் அதிகம்!

மின்னேற்றுகையில் கரைசலிலுள்ள அயன்கள் அப்பரப்பையடைந்து, எதிரேற்றத்தின் முன் அணிவகுத்து நிற்கின்றன. இரசாயன மாற்றம் வேண்டாமையால் விரைந்து ஏறும், விரைந்து இறங்கும். பற்றரியளவு கொள்ளாமை குறையே. மற்றொரு குறை தமிழாசிரியருக்கு எளிதில் விளங்கும். பழஞ்சுவடியின் ஏடுகள் ஒட்டிக்கொண்டால் வாசிக்கவியலாது; கிராபீன் ஏடுகளும் அவ்வாறே ஒட்டிக்கொள்ளும், அயன் நுழைய இடமிராது. அவற்றை விலக்கி வைப்பதே ஆய்வாளர் பாடு.

இக்காலத்துச் சில துவிச்சக்கரவண்டி விளக்குகள், கொள்ளளவியின் துணையால், வண்டி நின்றபின்னும் சில நிமிடம் எரிகின்றன. ஓர் ஊரின் பெயரைக் கேட்டு முடிக்க அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.