கணக்கறிந்த கையும் கனிந்த சொல்லும்

தமிழகத்தை விட்டு வேற்று மாநிலங்களுக்குப் பிழைப்பு நாடி வந்த நம்மவர்க்கு முதலில் சோறிட்டது கைத்திறன். தட்டச்சில் 'ஹையர்', சுருக்கெழுத்தில் 'லோயர்' என்னும் அரசுத் தேர்வுச் சான்றிதழ்களே பலருக்குச் சீதனமாக இருந்தன. அவற்றை நம்பித் தாதரில் ரயிலிறங்கி, மாட்டுங்காவிலும் செம்பூரிலும் ஓர் அறையில் ஐவராகத் தங்கி, கோட்டைப் பகுதி அலுவலகங்களில் இடம்பிடித்த தலைமுறை நம்முடையது. பிழையின்றித் தட்டெழுதுவான், கூட்டலில் ஒரு பைசா தவறான், மணி அடிப்பதற்குமுன் இருக்கையில் இருப்பான் என்று மேலதிகாரிகள் நம்மைப் புகழ்ந்தனர். நாலு பேர் நடுவே எழுந்து நின்று தன் கருத்தைத் தெளிவாகச் சொல்வான் என்னும் புகழுரை மட்டும் நமக்கு அரிதாகவே கிடைத்தது.

'வாயுள்ள பிள்ளை பிழைக்கும்' என்னும் பழமொழி நம்மிடம் இல்லாமலில்லை. ஆயினும் அதனைச் சற்று இளக்காரத்தோடுதான் நாம் வழங்கி வந்தோம். வேலை தெரியாதவனே பேசிப் பிழைக்கிறான் என்பது அதன் உட்கிடை. வேலையும் பேச்சும் இரு வேறு துறைகள் என்றும், முன்னது உழைப்பால் வருவது, பின்னது பிறவியில் வருவது என்றும் எண்ணிப் பழகிவிட்டோம். இவ்வெண்ணத்தையே இக்கட்டுரையில் ஆராயப் புகுகிறோம். வங்கியொன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பின்னர் அதன் பணியாளர் பயிற்சி நிலையத்தில் பல்லாண்டுகள் பாடம் நடத்திய அனுபவம் நமக்குண்டு. ஆதலின் சில சொல்ல உரிமை உண்டென நம்புகிறோம்.

இன்று 'சாஃப்ட் ஸ்கில்ஸ்' என்றும், தமிழில் மென்திறன்கள் என்றும் வழங்கும் இச்சொல் பிறந்த இடம் வியப்புக்குரியது. அது பூஞ்சோலையில் பிறக்கவில்லை, படைமுகாமில் பிறந்தது. 1972இல் அமெரிக்கத் தரைப்படையினர் தம் பயிற்சி முறைகளை ஆராய்ந்தபோது, எந்திரங்களோடு உறவாடும் பணிகளை ஒரு வகையாகவும், மனிதரோடும் காகிதத்தோடும் உறவாடும் பணிகளை மற்றொரு வகையாகவும் பிரித்துக் கண்டனர். பின்னதற்கே 'மென்மை' என்று பெயரிட்டனர். பீரங்கியைக் கழற்றிப் பூட்டுவதைப் படிப்படியாக எழுதிவைத்துக் கற்பித்துவிடலாம். பத்துப் பேரை ஒருமுகப்பட்டு நடக்கச் செய்வதை அங்ஙனம் எழுதிவைக்க இயலவில்லை. மென்மை என்றால் எளிமை என்று பொருளன்று என்பதை அப்பெயரின் பிறப்பே உணர்த்துகிறது.

நம் வங்கிகளில் இத்தேவை எழுந்த வரலாறு தனியானது. 1969 ஜூலை 19ஆம் நாள் பதினான்கு பெரிய வங்கிகள் நாட்டுடைமையாயின. அவ்வாண்டில் நாடெங்கும் 8,000க்குச் சற்று மேற்பட்டிருந்த வங்கிக் கிளைகள், 1990ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 60,000 ஆகப் பெருகின. கிளைகள் மட்டுமா பெருகின? வாடிக்கையாளரும் மாறினர். அதுவரை வங்கிக்குள் நுழைந்தவர் வணிகரும் அலுவலருமே. அவர்க்குக் காசோலையும் தெரியும், வட்டிக் கணக்கும் தெரியும். இப்போதோ எருமை வாங்கக் கடன் கேட்கும் உழவர் வந்தார். தையல் எந்திரத்துக்கு முன்பணம் வேண்டும் பெண் வந்தாள். ஓய்வூதியத்துக்குப் பெருவிரல் ரேகை வைக்கும் முதியவர் வந்தார். பேரேட்டில் தலைகவிழ்ந்திருந்த எழுத்தர் தலைநிமிர வேண்டிய காலம் வந்தது. 1975இல் ஆர். கே. தல்வார் தலைமையில் வங்கிகளின் வாடிக்கையாளர் சேவை குறித்து ஆராய ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டமை அக்காலத் தேவைக்குச் சான்று.

எங்கள் பயிற்சி நிலையத்துக்கு வந்தவர்கள் தொடக்கத்தில் இப்பாடத்தை விளையாட்டாகவே கருதினர். கடன் விதிகளுக்கும் அந்நியச் செலாவணிக்கும் குறிப்பெடுத்தவர்கள், 'மனித உறவுகள்' என்று கரும்பலகையில் எழுதியதும் எழுதுகோலை மூடிவிடுவர். 'ஜோஹரி சாளரம்' என்றொரு பாடம் உண்டு. 1955இல் ஜோ, ஹாரி என்னும் இரு அமெரிக்க உளவியலாளர் தம் பெயர்களை ஒட்டி வைத்த பெயர் அது. ஹிந்தியில் 'ஜௌஹரி' என்றால் மணி வணிகர். ஆகவே ஜவேரி பஜாரிலிருந்து வந்த அன்பர் ஒருவர், இது எந்த நகைக்கடையின் சாளரம் என்று கேட்க, வகுப்பே சிரித்தது. ஆயினும் அச்சாளரத்தின் நான்கு கண்ணாடிகளில் ஒன்றைக் காட்டியதும் சிரிப்பு அடங்கிற்று. பிறர் அறிந்தும் நாம் அறியாத நம் குணம் எதுவோ, அதுவே அந்தக் கண்ணாடி. நம் முகம் நமக்குத் தெரியாது, எதிரிலிருப்பவர்க்கே தெரியும்.

அதனை அறியும் வழி சொற்பொழிவு அன்று. இரண்டு நாற்காலிகளைப் போட்டு, ஒருவர் எழுத்தராகவும் மற்றவர் வாடிக்கையாளராகவும் நடிப்பர். பின்னர் இடம் மாறுவர். எஞ்சிய பதினெண்மர் கண்டதைச் சொல்வர். 'அவர் கேட்டு முடிக்குமுன் நீங்கள் விடை சொல்லிவிட்டீர்கள்', 'பேசும்போது நீங்கள் அவரைப் பார்க்கவேயில்லை' என்று சக பணியாளர் சொல்வது தைக்கும், ஆனால் பதியும்.

நம் தமிழன்பர்களிடம் ஒரு சிறு குறையைப் பலமுறை கண்டோம். மும்பைத் தெருக்களில் பழகிய ஹிந்தியில் 'தும்' என்பதே எல்லார்க்கும் பொதுச்சொல். அதனைக் கொண்டு, உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பெரியவரை நம்மவர் அழைப்பார். பெரியவர் முகம் சுளிப்பார். நம்மவர்க்குக் காரணம் விளங்காது. மரியாதை தெரியாதவர் அல்லர் அவர். வீட்டில் 'வாங்க', 'சொல்லுங்க' என்னாமல் ஒருவரை வரவேற்றறியாதவர். நம் 'ங்க' செய்யும் வேலையை அவர்கள் மொழியில் 'ஆப்' என்பதும் 'ஜி' என்பதும் செய்கின்றன என்று சொல்லிக்கொடுத்ததும், ஒரே பிற்பகலில் அவருடைய பேச்சின் நிறம் மாறிவிடும். பண்பு உள்ளே இருந்தது. அது வெளிவரும் வாயில்தான் அடைத்திருந்தது. பயிற்சி செய்தது வாயிலைத் திறந்ததே.

இன்னொருவர் நினைவு வருகிறது. நெல்லைச் சீமையைச் சேர்ந்தவர். அரையாண்டுக் கணக்கு முடிப்பில் எந்தக் கிளையில் பேரேடு ஒட்டவில்லையென்றாலும் அவரையே அழைப்பர். இரவு பத்து மணிக்குள் தவறிய தொகையைக் கண்டெடுத்துவிடுவார். அதிகாரி பதவிக்கான எழுத்துத் தேர்வில் இருமுறை வென்று, நேர்காணலில் இருமுறையும் தோற்றார். கேள்விக்கு விடை தெரியும். சொல்லத் தொடங்கியதும் குரல் உள்ளே போய்விடும். 'நம்மை நாமே உயர்த்திப் பேசுவதா?' என்பது அவர் வாதம். அவரைத் தம்மைப் பற்றிப் பேசச் சொல்லவில்லை நாம். ஒட்டாத பேரேட்டில் பிழை காண்பது எவ்வாறு என்று வகுப்புக்குப் பத்து மணித்துளி கற்பிக்கச் சொன்னோம். பத்து, முப்பதாயிற்று. கேள்விகள் எழுந்தன, விடைகள் வந்தன. குரல் எங்கும் போகவில்லை.

மூன்றாம் முறை தேர்வு பெற்றார். உடனே விதர்ப்பத்துச் சிற்றூர் ஒன்றுக்கு மாறுதலும் வந்தது. மகள் பள்ளியிறுதி வகுப்பில் இருந்தமையால் குடும்பத்தை மும்பையில் விட்டுவிட்டு இரண்டாண்டு தனியே இருந்தார். அங்கே பருத்தி விவசாயிகளுக்குத் தவணையையும் வட்டியையும் தம் உடைந்த மராத்தியில் விளக்குவதாகக் கடிதம் எழுதினார். பதவி உயர்வைக் குறித்து அக்கடிதத்தில் ஒரு வரியும் இல்லை.

பணிவு என்பது பேசாதிருத்தல் அன்று. நம் வள்ளுவர் இதனை நன்கு அறிந்தவர். சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்று அதிகாரங்களையும் அவர் பொருட்பாலில், அமைச்சருக்குரிய இலக்கணங்களுக்கிடையே வைத்தார். இன்றைய பேச்சில் சொன்னால், அவை அலுவலருக்குரிய தகுதிகள். கேட்போர் எத்தகையர் என அறிதலும், அவர்முன் அஞ்சாமையும் அடுத்தடுத்து நிற்கின்றன. அறியாது அஞ்சாமை முரட்டுத்தனம். அறிந்தும் அஞ்சுதல் வீண்.

எனினும் இப்பயிற்சியின் மறுபக்கத்தையும் சொல்லாவிடில் நாம் நேர்மையுடையோர் ஆகோம். புன்னகையைக் கட்டளையாக்கும்போது அது சுமையாகிறது. ஆர்லி ஹாக்ஷீல்டு என்னும் சமூகவியல் அறிஞர் விமானப் பணிப்பெண்களின் பயிற்சியை ஆராய்ந்து 1983இல் ஒரு நூல் எழுதினார். உள்ளத்தில் இல்லாத உணர்வை முகத்தில் வரவழைப்பதும் ஓர் உழைப்பே என்றும், அதற்கும் விலை உண்டு என்றும் அவர் காட்டினார். ஐவர் செய்யவேண்டிய பணியை இருவரிடம் சுமத்திவிட்டு, வரிசையில் நிற்கும் நாற்பது பேரிடமும் கனிவாகப் பேசு என்பது பயிற்சி ஆகாது. ஆளில்லாக் குறையை இன்சொல்லால் நிரப்ப முடியாது.

பயன் யாருக்கு என்பதும் கேட்கத்தக்கது. பெங்களூரின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளருக்கு உரையாடல், நேர மேலாண்மை முதலியவற்றில் பயிற்சி அளித்து, அதன் விளைவைப் பொருளியலறிஞர் மூவர் அளந்தனர். 2023இல் வெளியான அவ்வாய்வின்படி, பயிற்சி பெற்றோரின் உற்பத்தித்திறன் பெறாதோரைவிட 13.5 விழுக்காடு உயர்ந்தது. அப்பெண்களின் தன்னம்பிக்கைப் பேச்சும் வளர்ந்தது. நிறுவனம் செலவிட்டதைப்போல் பலமடங்கு ஈட்டிற்று. ஊதியமோ அரை விழுக்காடளவே உயர்ந்தது. கற்றவரின் கூலி அங்கேயே நிற்க, கற்பித்தவரின் கல்லா நிரம்புமாயின், அந்தத் தராசைத் திருத்தவேண்டும். தன் உழைப்பின் மதிப்பை எடுத்துரைத்துக் கேட்பதும் மென்திறன்தான். பாடத்திட்டத்தில் அதற்கும் ஓர் இடம் வேண்டும்.

இன்று நம் மக்கள் புனேயிலும் நவி மும்பையிலும் குருகிராமிலும் கணிப்பொறித் துறையில் பணிபுரிகின்றனர். அரசுப் பணியாளருக்கும் 2020இல் 'மிஷன் கர்மயோகி' என்னும் திறன் வளர்ப்புத் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. பாடங்கள் இணையவழி வருகின்றன. வாய்ப்புகள் பெருகியது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் திரையில் ஓடும் பாடத்தைப் பார்த்து முடித்துச் சான்றிதழ் பெறுவது, நீச்சலை நூலில் படிப்பது போன்றது. தண்ணீரில் இறங்கவேண்டும். எதிரே ஒரு மனிதர் இருக்கவேண்டும். நம் சொல் அவரிடம் எங்ஙனம் சென்று சேர்ந்தது என்று அவர் வாயாலேயே கேட்கவேண்டும். மற்றொன்று: ஊழியரை மட்டும் வகுப்புக்கு அனுப்பிவிட்டு மேலாளர் வெளியே நிற்கலாகாது. 'குறுக்கிடாமல் கேளுங்கள்' என்று கற்றுவந்தவனை, மறுநாள் வாய்திறக்குமுன் அதட்டும் அலுவலகத்தில் எப்பயிற்சியும் ஒரு வாரத்துக்குமேல் நில்லாது.

இதில் நம் குடும்பங்களும் சங்கமும் ஆற்றக்கூடிய பணி ஒன்றுண்டு. விருந்தினர் வந்தால் பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பாமல், அவர்களோடு அமர்ந்து பேசவிடுவோம். பிள்ளை சொல்லத் தடுமாறும் வாக்கியத்தை நாமே முடித்துக் கொடுக்காதிருப்போம். சங்க விழாக்களில் வரவேற்புரையும் நன்றியுரையும் ஆண்டுதோறும் அதே பெரியவர்களிடம் செல்வதை மாற்றி, இளையோரிடம் ஒப்படைப்போம். ஆண்டறிக்கையை எழுதியவரே மேடையேறிப் படிக்கட்டும். உறுப்பினர் கேள்வி கேட்கட்டும். அவரே விடையும் சொல்லட்டும். பல்லாயிரம் ரூபாய் கட்டணம் பெறும் பயிற்சியகங்கள் தருவதில் பாதியை ஒரு சங்க மேடை இலவசமாகத் தந்துவிடும். கணக்கறிந்த கை நம் பரம்பரைச் செல்வம். அதனை நம் பிள்ளைகள் காத்துவிட்டனர். அதனோடு கனிந்த சொல்லும் சேர்வதற்கு, அடுத்த பொங்கல் விழாவின் நிகழ்ச்சி நிரலிலேயே அவர்களுக்கு இடம் ஒதுக்குவோமாக.