முள்ளும் எண்ணும்

ஸ்பீடாமீட்டர் என்பது ஒரு கருவி என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் ஒரே கூட்டுக்குள் குடியிருக்கும் இரண்டு கருவிகள் அவை. வேகத்தைக் காட்டும் முள் ஒன்று. ஓடிய தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகும் எண் சக்கரங்கள் மற்றொன்று. முள்ளுக்கு ஞாபகசக்தி கிடையாது. வண்டி நின்றால் அதுவும் சுழிக்குத் திரும்பிவிடும். எண் சக்கரங்களோ கிராமத்துக் கணக்குப்பிள்ளை மாதிரி, எழுதினதை அழிப்பதில்லை. பழைய வண்டி விற்பவர்களில் சிலர் அந்தக் கணக்குப்பிள்ளையையும் சரிக்கட்டிவிடுகிறார்கள் என்பது வேறு விஷயம்.

இந்த வித்தியாசம் எனக்குப் புலப்பட்டது 2024-இல், ஆவடியில் இருக்கும் என் அக்காவின் அம்பாசிடர் வண்டியால். அத்தான் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1994-இல் அந்த வண்டியை வாங்கினார். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் மீட்டரிலுள்ள எண்ணை ஒரு டைரியில் குறித்துக்கொள்வார். தேதி, எண், எத்தனை லிட்டர், எந்த ஊர்ப் பிரயாணம். திருத்தணி, காஞ்சிபுரம், பெண்ணைக் கல்லூரியில் சேர்க்கப் போன வேலூர் எல்லாம் அதில் ஒரு வரியாக இருக்கும். 2021-இல் அவர் காலமான பிறகு வண்டியை ஓட்டுகிறவள் அவருடைய பெண். டைரி எழுதுகிறவள் அக்கா. உத்தரபாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. "இதைக் கட்டிக்கொண்டு அழாதே, தள்ளிவிடு" என்று சொல்லாத உறவினர் இல்லை. அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொந்தக் காருக்கு முதல் பதிவு 15 வருஷத்துக்கு. அப்புறம் ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பரீட்சை எழுதித் தேற வேண்டும். ஒழுங்காக வேலை செய்யும் ஸ்பீடாமீட்டர் வேண்டும் என்பது 1989-ஆம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒன்று. அந்தப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கையில் மீட்டர் படுத்துவிட்டது. ஒரு மாதமாகவே முள், குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்ததாம். டாஷ்போர்டுக்குப் பின்னால் டிக், டிக் என்று ஒரு சத்தமும் கேட்டதாம். ஒரு நாள் அம்பத்தூர் போகும்போது முள் சுழியில் விழுந்தது. எண் 64,318-இல் நின்றது. அது ஐந்து இலக்க மீட்டர். 99,999-ஐத் தாண்டி மறுபடி சுழியிலிருந்து புறப்பட்ட எண். டைரிக் கணக்கில் 1,64,318.

வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "மீட்டர் போச்சு சார். புதுப்பேட்டையில பழசு ஒண்ணு புடிச்சு மாட்டிடலாம். அரை மணி வேலை" என்றார். சுலபமான யோசனைதான். புதுப்பேட்டையில் கிடைக்காத உதிரிச் சாமானா?

வாசற்படியில் நின்றுகொண்டிருந்த அக்கா, "அது யாரு ஓட்டின கிலோமீட்டரோ! எனக்கு வேண்டாம்டா" என்றாள்.

நான் கதை எழுதுகிறவன். என் பாத்திரம் ஒன்று இப்படிப் பேசினால், "கொஞ்சம் அதிகமாகிவிட்டதே" என்று நானே அடித்திருப்பேன். அக்கா அதை அரிசி விலை சொல்கிற குரலில் சொன்னாள்.

அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1960-களில் ஏற்பட்டது. பெரிய ஆலைகளின் நிழலில் பிழைக்கும் சின்னப் பட்டறைகள் அந்தப் பக்கத்துத் தெருக்களில் எத்தனையோ. அவற்றில் ஒன்றில், மீட்டர் வேலை மட்டுமே பார்க்கும் ஒரு பெரியவரைக் கண்டுபிடித்தோம். கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர் மாதிரி கண்ணில் லென்ஸ். அவர் வண்டியைத் தொடுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டார்.

"முள் மட்டும் நின்னுதா, நம்பரும் நின்னுதா?"

"இரண்டுமே."

"ஒரே நாள்லயா?"

"ஒரே நிமிஷத்தில்" என்றாள் அக்கா பெண்.

"அப்ப மீட்டர் மேல குத்தம் இருக்காதும்மா."

டாக்டர்களிலும் இந்த ரகம் உண்டு. நாடியைப் பிடிக்குமுன் பாதி வியாதியைக் கேள்வியிலேயே பிடித்துவிடுவார்கள். மேஜைமேல் திறந்து கிடந்த வேறொரு மீட்டரை வைத்துக்கொண்டு விளக்கினார். கியர் பெட்டியின் பின்புறத்தில் ஒரு சின்னப் பல்சக்கரம் இருக்கிறது. வண்டி ஓடினால் அது சுழலும். அந்தச் சுழற்சியை, உறைக்குள் கிடக்கும் முறுக்குக் கம்பி மீட்டர்வரை கொண்டு வருகிறது. அங்கே வந்த பிறகுதான் வழி இரண்டாகப் பிரிகிறது. எண் சக்கரங்களைப் பல்சக்கரங்கள் தள்ளுகின்றன. முள்ளையோ எதுவும் தொடுவதில்லை. கம்பியின் முனையில் ஒரு காந்தம் சுழல்கிறது. அதைக் கவிந்தாற்போல் ஒரு அலுமினியக் கிண்ணம். கிண்ணத்தின் தண்டில் முள். அவ்வளவுதான்.

"அலுமினியத்தைக் காந்தம் இழுக்காதே?" என்றேன்.

"சும்மா இருந்தா இழுக்காது சார். சுத்தினா இழுக்கும்."

பிளஸ் டூவோடு பௌதிகத்துக்குக் கும்பிடு போட்டவனுக்கு இது போதுமான விளக்கமாகவே பட்டது. காந்தம் சுழலும்போது கிண்ணத்தில் மின்சாரச் சுழல்கள் உண்டாகி, அதையும் கூடவே இழுத்துப்போகப் பார்க்கும். மயிரிழை போன்ற ஒரு சுருள்வில் "போகாதே" என்று பிடித்துக்கொள்ளும். இரண்டு பிடிவாதமும் சமாதானமாகிற இடத்தில் முள் நிற்கும். 1820-களில் பிரான்ஸில் அராகோ இந்த விந்தையைக் கண்டார். 1831-இல் பாரடே கண்டறிந்த மின்தூண்டலில் அதற்குக் காரணம் கிடைத்தது. 1902-இல் ஓட்டோ ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் அதை ஸ்பீடாமீட்டராக்கிப் பேடண்ட் வாங்கினார்.

ஆகவே முள் மட்டும் செத்தால் காந்தம், கிண்ணம், வில் இருக்கும் பக்கத்தில் தேட வேண்டும். எண் மட்டும் நின்றால் மீட்டரின் உள் பல்சக்கரம் தேய்ந்திருக்கும். இரண்டும் ஒருமிக்க நின்றால் கோளாறு வழி பிரிவதற்கு முன்னால்தான்.

மீட்டரின் பின்னாலிருந்து கேபிளைக் கழற்றி, கியரை நியூட்ரலில் போட்டு, வண்டியைத் தள்ளச் சொன்னார். கம்பியின் மேல்முனை அசையவில்லை. உருவினார், முக்கால் நீளந்தான் வந்தது. மீதி கியர் பெட்டிப் பக்கம் அறுந்து கிடந்தது. மறுபடி தள்ளியபோது அந்தத் துண்டு ஒழுங்காகச் சுழன்றது. ஆகவே கியர் பெட்டியும் நிரபராதி. யாரோ எப்போதோ வேறு ஏதோ வேலைக்காகக் கேபிளை மடித்துக் கட்டியிருந்தார்கள். மடிப்பில் கிரீஸ் காய்ந்து, கம்பி சிக்கிச் சிக்கித் திரும்பியிருக்கிறது. முள் நடுங்கியது அதனால்தான்.

மீட்டரைச் சோதிப்பதற்காக ஒரு துண்டுக் கம்பியை அதில் செருகி விரலால் உருட்டினார். முள் துள்ளி எழுந்தது. அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஐயா, சுத்தாதீங்க! நம்பர் ஏறிடப் போகுது!"

"நூத்துக்கணக்கில சுத்தினாத்தாம்மா ஒரு கிலோமீட்டர்" என்று சொன்னாரே தவிர, உடனே விரலை எடுத்துவிட்டார். அவர் சிரிக்கவும் இல்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

புதுக் கேபிளுக்குக் கீழ்ப்பகுதியில் மட்டும் மெல்ல கிரீஸ் தடவினார். மேல்முனையில் தடவினால், சுழலுகிற வேகத்தில் அது மீட்டருக்குள் ஏறி முள்ளை மந்தமாக்கிவிடுமாம். எங்கும் ஒடியாமல் அகலமான வளைவாகக் கொண்டுபோய் மாட்டினார். கேபிளும் கூலியும் ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டன.

மறுநாள் விடியற்காலையில் பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் சாலையில் பரீட்சை. முள் 60-இல் நிலையாக நின்றால் ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு 60 விநாடி ஆக வேண்டும். கைக்கடிகாரத்தில் 64 ஆயிற்று. அதாவது நிஜ வேகம் 56 தான். அக்கா பெண் பிடிக்கச் சொன்ன செல்போனும் 56 என்றே சொல்லிற்று. முள் நாலு கிலோமீட்டர் கூட்டிச் சொல்லுகிறது. திரும்பும் வழியில் அம்பத்தூரில் நிறுத்தி, திருத்தலாமா என்று பெரியவரைக் கேட்டோம். "கூட்டிச் சொன்னா நீங்க மெதுவாப் போவீங்க. குறைச்சுச் சொன்னாத்தான் ஆபத்து. அப்படியே இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார். ஐரோப்பாவில் இதை ஒழுங்குமுறையாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்: நிஜ வேகத்துக்குக் குறைத்துக் காட்டவே கூடாது, கொஞ்சம் கூட்டிக் காட்டலாம்.

அக்காவுக்கு முள்ளைப் பற்றி அக்கறையில்லை. "நம்பர் சரியா ஓடுதா?" என்று மட்டும் கேட்டாள். ஐந்து கல்லுக்கு ஐந்து கிலோமீட்டர், பிசகில்லாமல் ஓடியிருந்தது. பல்லும் பல்லும் கோத்துக்கொண்ட கணக்கு அது. காந்தத்தின் தயவு அதற்கு வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்ததும் அக்கா டைரியை எடுத்தாள். மீட்டர் படுத்திருந்த நாட்களில் வண்டி எங்கெங்கே போயிற்று என்று பெண்ணிடம் விசாரித்து, தூரங்களைக் கூட்டினாள். பிறகு 64,318-க்குக் கீழே, அத்தான் எழுதுகிற மாதிரியே சிறிய எழுத்தில் ஒரு வரி எழுதினாள்: "மீட்டரில் ஏறாதது, 43."